பூஜையில் வைத்த சாவி

ஃபோன் அடித்தபோது ஷியாமளா வடைக்கு அரைத்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேத்லாவிலிருந்து நிமாய். அருங்காட்சியகத்தின் காவலாளி. விடுமுறை நாளில் அவன் கூப்பிடுவதில்லை.

“தீதி, தண்ணி உள்ள வந்துடுச்சு,” என்றான் வங்காள மொழியில்.

“எதுவரைக்கும்?”

“தாழ்வாரத்துல கணுக்கால் நனையுது. பொருளறைக் கதவுக்கு அடியில போயிட்டிருக்கு.”

“ஸ்மிதாகிட்ட சொன்னியா?”

“மேடம்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க. அவங்க போல்பூர்ல இருக்காங்க. சாவி உங்ககிட்ட இருக்காமே.”

“இருக்கு.”

“நாலு மணிக்கு ஜோயார், தீதி. அதுக்கு முன்னாடி வாங்க.”

ஜோயார் என்றால் ஏற்றம். கடலிலிருந்து ஹூக்ளியில் ஏறிவரும் நீர் ஆதிகங்கைக் கால்வாய்க்குள்ளும் வரும். மழையில்லாத நாளில் படித்துறையில் சில படிகள் ஏறும், இறங்கும். அன்று காலையிலிருந்தே மழை. சாக்கடைகள் நிறைந்துவிட்டன. கால்வாயும் ஏறினால் தெருத் தண்ணீருக்குப் போக இடமில்லை. கட்டடத்துக்குள்தான் வரும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

சாவி சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தது.

நவமி. மணையில் புத்தகங்களை அடுக்கி, மேலே பட்டுத்துணி விரித்து, அதன்மேல் படம். முன்னால் தாம்பாளத்தில் கருவிகள். கணவர் லக்ஷ்மிநாராயணனின் மல்டிமீட்டர், பிளையர், டெஸ்டர். அவளுடைய கத்தரிக்கோல். அரிவாள்மணை தரையில். எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். எதிர்வீட்டு மாஷிமா, வங்காள மாமி, வருடா வருடம் கேட்பாள்: சரஸ்வதி குளிர்காலத்தில்தானே வருவாள், உங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி துர்கா பூஜையிலேயே வந்துவிடுகிறாள்?

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கத்தரிக்கோலும் அரிவாள்மணையும்தான் வைத்துவந்தாள். கரக்பூரில், சக்ரதர்பூரில், கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில். இன்று காலை கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். பழைய இரும்புச் சாவி. நடுவிரல் நீளம். நுனியில் குழல்போலத் துளை.

“இது என்ன?” என்றார் லக்ஷ்மிநாராயணன்.

“மியூசியம் பொருளறைச் சாவி.”

“இதை எதுக்கு இங்க வைக்கறே?”

“என் வேலைக்கு உண்டானது.”

அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, பிடியில் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று வைத்தார். டெஸ்டருக்கு ஒரு பொட்டுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றார். எலெக்ட்ரிகல் இன்ஜினியர். லேக் மார்க்கெட் பக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்தார்கள். பகல் முழுவதும் அவர் வீட்டில் இருந்தார். காபி நேரத்தை மாற்றினார். குக்கர் விசில்களை எண்ணினார். ஒருநாள் அவள் காய்கறிப் பையோடு நடந்துகொண்டே போனாள். பாலம் தாண்டி, சேத்லாவில் ஒரு பழைய அரிசிக் கிடங்கின் வாசலில் நின்றாள். நதி வரலாற்று அருங்காட்சியகம். உள்ளே நங்கூரங்கள், தராசுகள், படகின் விலா எலும்புகள். மாடியில் ஸ்மிதா என்ற பெண் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தன்னார்வலர்கள் தேவை என்று சுவரில் எழுதியிருந்தது.

ஸ்மிதா ஒரு கண்ணாடித் தகட்டைக் கொடுத்தாள். “படம் எந்தப் பக்கம்?”

ஷியாமளா சாய்த்துப் பார்த்தாள். ஒரு பக்கம் பளபளத்தது. இன்னொன்று மங்கலாக இருந்தது. “இது.”

“செவ்வாய், வெள்ளி வர முடியுமா?”

அந்தக் காலத்துப் புகைப்படங்கள் கண்ணாடியில் இருந்தன. கண்ணாடியின் ஒரு பக்கம் மெல்லிய பசைப் படலம். படம் அதில் இருக்கிறது. விரல் பட்டால் தடம் விழும். தண்ணீர் பட்டால் ஊறும், நழுவும். ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்து, மென்தூரிகையால் தூசி தட்டி, காகித உறையில் இட்டு, பெட்டியில் நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். பென்சிலால் சீட்டு எழுத வேண்டும். பெயர் தெரியாத பெண், படித்துறை. பெயர் தெரியாத இருவர், தராசு.

அந்த அறையில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மதியம் என்ன சமையல் என்று கேட்கவில்லை. மாலை வீட்டுக்குப் போகும்போது முதுகு வலித்தது. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது.

பெட்டிகளைக் கீழ்த்தட்டில் வைத்தது அவள்தான். கண்ணாடி கனம்; மேலே இருந்தால் அலமாரி ஆடும் என்றாள். ஸ்மிதாவும் ஒப்புக்கொண்டாள். தட்டை உயர்த்தக் கட்டைகள் பூஜைக்குப் பிறகு வரும் என்றாள். ஊருக்குப் போகும் முன் தன் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். “உங்ககிட்ட இருக்கட்டும், ஷியாமளாதி.” இன்னொரு சாவி அறக்கட்டளை அலுவலகத்தில் இருந்தது. அது லக்ஷ்மி பூஜை முடிந்துதான் திறக்கும்.

“சாவியை எடுக்கணும்,” என்றாள்.

லக்ஷ்மிநாராயணன் சாய்வு நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இன்று படிக்கக் கூடாது என்பதால் செய்தித்தாள் மடித்தபடி கிடந்தது. வாட்ஸ்அப்பும் படிப்பில் சேரும் என்று ஃபோனையும் கவிழ்த்து வைத்திருந்தார்.

“நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை. அப்பறம் எடுத்துக்கோ.”

“மியூசியத்துல தண்ணி வந்துடுத்து. நாலு மணிக்கு இன்னும் ஏறும்.”

“ஃபயர் பிரிகேடுக்குச் சொல்லச் சொல்லு.”

“நவமியும் அதுவுமா? ஊரே முங்கிக் கெடக்கு. நம்ம கண்ணாடிக்கா வருவா?”

“பூட்டை ஒடைக்கச் சொல்லு.”

“கதவை ஒட்டி அலமாரி இருக்கு. இடிச்சா அதுதான் மொதல்ல சாயும்.”

அவர் திரும்பினார். “பூஜைல வச்சதை நடுவுல எடுக்கப்படாது ஷ்யாமு. அப்பா ஒரு வருஷம் எடுத்தார். ஃப்யூஸ் போயிடுத்துன்னு டெஸ்டரை எடுத்தார். மாசக்கணக்கா கட்டில்ல கெடந்தார்.”

“உங்கப்பா மாடிப்படில வழுக்கி விழுந்தார். எண்ணெயைக் கொட்டினது உங்க தங்கை.”

“எப்பக் கொட்டினா? டெஸ்டரை எடுத்தப்பறம்தானே?”

அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள். மணி இரண்டரை ஆகியிருந்தது.

“உனக்குச் சம்பளம் உண்டா?”

“இல்ல.”

“போகலேன்னா யாராவது கேள்வி கேப்பாளா?”

“கேக்க மாட்டா.”

“அப்பறம் என்ன?”

“கேக்க மாட்டா. அதனாலதான்.”

அவர் எழுந்தார். குரல் மாறியது. “தெருவெல்லாம் தண்ணி. பந்தலுக்குப் பந்தல் லைட் கட்டியிருக்கான். ஒயரெல்லாம் கீழ கெடக்கும். போன மாசம் அந்தப் பால்காரன் என்ன ஆனான்? கம்பத்தைத் தொட்டான், அவ்வளவுதான். நான் கரன்ட்டோட காலம் தள்ளினவன். சொல்றேன், போகாதே.”

“நடு ரோட்லயே போறேன்.”

“தண்ணிக்கு நடு ரோடு, ஓரம்னு உண்டா?”

அவள் குனிந்து படத்தின் முன் ஒரு விரலால் தரையைத் தொட்டாள். சாவியை எடுத்தாள். குங்குமம் டெஸ்டர்மேல் உதிர்ந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராஷ்பிஹாரி அவென்யூவில் தண்ணீர் ஆடுதசைக்கு இருந்தது. ட்ராம் தண்டவாளம் தெரியவில்லை. பஸ் இல்லை. ஆட்டோக்காரன் ஒருவன் சேத்லா என்றதும் சிரித்தான். “படகு வச்சிருக்கேனா மாஷிமா?”

அவள் நடந்தாள். புதுப்புடவை கட்டிய பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார்கள். தார்ப்பாய்க்குக் கீழே டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ கிச்சடி வேகும் வாசனை வந்தது. எல்லோரும் கம்பங்களுக்கு ஓரமாகக் கடைக் கூரையடியில் நின்றார்கள். யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை. அவள் பயந்தாள். ஒவ்வொரு கம்பத்தையும் முன்னதாகவே பார்த்துவைத்து, விலகி, கடந்தாள். சாவி முந்தானை முடிச்சில் இடுப்பில் அழுத்தியது.

பாலத்துக்கு முன்னால் மூங்கில் வளைவு ஒன்று சாய்ந்திருந்தது. சின்ன விளக்குகள் கோத்த சரம் அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. விளக்குகள் எரிந்தன. தண்ணீருக்குள் இருந்தவையும் எரிந்தன.

அவள் நின்றாள்.

பின்னால் வந்த ஒருவர் அவளைத் தாண்டிப் போகப் பார்த்தார். “அண்ணா, போகாதீங்க,” என்றாள். அவர் பார்த்தார். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இருவரும் அங்கேயே நின்றார்கள். பந்தல்காரர்களில் ஒருவன் எங்கோ ஓடினான். சரம் அணைந்தது. அணைந்த பிறகும் இருவரும் உடனே நகரவில்லை.

பாலத்திலிருந்து கால்வாயைப் பார்த்தாள். கறுப்பு நீர். படித்துறையில் மேல் படி மட்டும் தெரிந்தது. பாலத்தின் கீழே பிளாஸ்டிக் குப்பை அசைந்தது. வழக்கமாக அது ஹூக்ளியை நோக்கிப் போகும். இப்போது உள்நோக்கி வந்தது.

நிமாய் வாசல் திண்டில் ஏறி நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

“தாழ்வாரத்துல இறங்காதீங்க தீதி. கிரில் அடிக்குது.”

“என்னது?”

“கை வச்சேன். தூக்கிப் போட்டுச்சு.” அவன் வலது கையை இடது கையால் பிடித்திருந்தான்.

தாழ்வாரம் நீளமானது. ஒரு பக்கம் நெடுக இரும்பு கிரில்; வாசலில் அது திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர். கூரையில் ஒரு பல்பு எரிந்தது. அதன் வெளிச்சம் தண்ணீரில் ஆடியது. நடுவில் பொருளறைக் கதவு. இரும்புப்பட்டை அடித்த தேக்கு. தண்ணீர் அதன் அடியில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

“மெயின் எங்கே?”

நிமாய் தாழ்வாரத்தின் மறுகோடியைக் காட்டினான். மரப் பெட்டி. சுவரில், தண்ணீருக்கு மேலே.

“எலெக்ட்ரிக் ஆபீசுக்குச் சொன்னியா?”

“வரோம்னாங்க. எந்த வருஷம்னு சொல்லல.”

ஸ்மிதா அழைத்தாள். பின்னால் குழந்தைகள் கத்தினார்கள். “ஷியாமளாதி, உள்ள போனதும் நனையாத பெட்டிகளை முதல்ல எடுங்க. நனைஞ்சதைத் தொடாதீங்க. அது நனைஞ்சாச்சு. கடைசில பாத்துக்கலாம்.”

“தாழ்வாரத்துல கரன்ட் இருக்கு.”

ஸ்மிதா குழந்தைகளை அதட்டி அடக்கினாள். பிறகு சொன்னாள். “அப்ப போகாதீங்க. வேண்டாம். கண்ணாடிதானே.”

சொல்லிவிட்டு அவள் ஃபோனை வைக்கவில்லை. ஷியாமளாவும் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் மழை கேட்டது.

கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கதவுப் பக்கம் தரை கொஞ்சம் மேடு. உள்சுவர்ப் பக்கம் பள்ளம். பள்ளத்தில்தான் கடைசி மூன்று பெட்டிகள். படகுக்காரர்கள் என்று அவற்றின் மேல் எழுதியிருந்தாள். போன மழைக்காலம் முழுவதும் அவற்றோடு இருந்தாள். அங்கே இப்போது தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒரு படி இறங்கினாள். அடுத்த படி தண்ணீருக்குள் இருந்தது.

“தீதி,” என்றான் நிமாய்.

“இறங்கல.”

இறங்காமல் நின்றாள். கால் விரல்கள் படியின் விளிம்பில் இருந்தன.

“தள்ளு.”

லக்ஷ்மிநாராயணன் பின்னால் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, ரயில்வேயின் பழைய ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். தோளில் ஜோல்னாப்பை. மழையில் மூக்குக்கண்ணாடி கழன்று கையில் இருந்தது. டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்தார். அதன் கழுத்தில் சந்தனப் பொட்டு கரைந்து ஒழுகியிருந்தது.

“பூஜைல வச்சதாச்சே,” என்றாள்.

“நீதான் எடுத்தாச்சே. ஒண்ணு போனா என்ன, ரெண்டு போனா என்ன.”

படியில் நின்றபடி டெஸ்டரின் நுனியால் கிரில்லைத் தொட்டார். உள்ளே சிவப்பு மணி மினுக்கியது. அவர் முகம் ஆபீஸ் முகமானது.

“பெஞ்சு இருக்கா?” என்றார் நிமாயிடம், ஹிந்தியில். “மரம். காஞ்சது.”

டிக்கெட் அறையில் இரண்டு பெஞ்சுகள் இருந்தன. நிமாய் ஒன்றைத் தாழ்வாரத் தண்ணீரில் மூங்கிலால் தள்ளி நிறுத்தினான். அவர் அதன்மேல் ஏறினார். இரண்டாவதைத் தள்ளினான். அவர் அதற்கு மாறினார். பின்னால் இருந்ததை மூங்கிலால் கொக்கிபோட்டுத் தன்னைத் தாண்டி முன்னால் நகர்த்தினார். பெஞ்சு வழுக்கப் பார்த்தது. மூங்கிலால் அழுத்தி, காலை வைத்தார். கிரில்லையும் சுவரையும் தொடாமல் கைகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். மாடிப்படியில்கூடக் கைப்பிடி இல்லாமல் ஏறமாட்டார்.

ஷியாமளா எதுவும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பிப் பார்ப்பார்.

கடைசி மாற்றத்தில் பெஞ்சு சரிந்தது. அவர் ஒரு காலில் நின்றார். மூங்கில் தண்ணீருக்குள் குத்திட்டு நின்றது. நிமாய் கண்ணை மூடிக்கொண்டான். பெஞ்சு மெல்ல நேராகியது.

பெட்டியைத் திறந்தார். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பைக்குள் போட்டார். பல்பு அணைந்தது. தாழ்வாரம் சாம்பல் நிறமானது. டெஸ்டரால் பக்கத்துக் கிரில் கம்பியைத் தொட்டார். எதுவும் மினுக்கவில்லை. பிறகு வெறும் கையை அந்தக் கம்பியில் வைத்தார். வைத்தபடி அவளைப் பார்த்தார்.

“இப்ப வா.”

தண்ணீர் குளிர்ந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே. அவள் கதவை அடைந்து முடிச்சை அவிழ்த்தாள். சாவியைத் துவாரத்தில் நுழைத்தாள். பாதி போயிற்று. நின்றது. எடுத்துத் திரும்ப நுழைத்தாள். அதே இடத்தில் நின்றது.

“என்ன?”

அவள் சாவியின் நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். குழல் அடைத்திருந்தது. மஞ்சளாக, கல்போல.

“சந்தனம்,” என்றாள்.

அவர் சாவியைப் பார்த்தார். பூட்டுக்குள் ஒரு முள் நிற்கும். அது குழலுக்குள் போனால்தான் சாவி திரும்பும். காலையில் வைத்த பொட்டு குழலுக்குள் இறங்கி இறுகியிருந்தது.

நிமாய் கடப்பாரையோடு வந்தான். “தள்ளிக்கோங்க தீதி. ஒரே அடி.”

“வேண்டாம்.”

“மணி ஆகுது.”

“பின்னால கண்ணாடி இருக்கு நிமாய். கீழ வை.”

அவள் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். விரித்து, குழலுக்குள் விட்டுக் கிளறினாள். பொடி கொஞ்சம் வந்தது. குழலைத் தண்ணீரில் நனைத்தாள். திரும்பக் கிளறினாள். ஊக்கு வளைந்தது. நிமிர்த்தினாள். தாலிச் சரட்டிலிருந்து இன்னொரு ஊக்கை எடுத்தாள். லக்ஷ்மிநாராயணன் டார்ச் பிடித்தார். வெளிச்சம் சாவியை விட்டு விலகியது.

“நான்தான் நெறைய வச்சுட்டேன்.”

“பேசாம டார்ச்சை நேரப் பிடிங்கோ.”

“உன்னோடதுன்னு—”

“நேர.”

தண்ணீரின் கோடு கதவின் முதல் இரும்புப்பட்டையைத் தொட்டது. வெளியே கால்வாய்ப் பக்கம் யாரோ சத்தம் போட்டார்கள். நிமாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஊக்கின் நுனியில் ஒரு கட்டி அப்படியே வந்தது, சாவியின் துளை அளவில், உருண்டையாக. அவள் சாவியை உதறினாள். ஊதினாள். நுழைத்தாள்.

திரும்பியது.

கதவைச் சிறிதாகத் திறந்தாள். வேகமாகத் திறந்தால் அலை எழும். உள்ளே ஈரக் காகித வாசனை. டார்ச் வெளிச்சத்தில் பெட்டிகள் தெரிந்தன. இந்தப் பக்கம் தண்ணீருக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அந்தப் பக்கம் இடைவெளி இல்லை. கடைசி மூன்று பெட்டிகளின் அடி நீருக்குள் நின்றது.

அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு முதல் பெட்டிக்குக் குனிந்தாள்.

“ஏன்னா, இப்படிப் பிடிக்கணும். நெட்டுக்குத்தா. சாய்க்கப்படாது, ஆட்டப்படாது.”

“பால் பாத்திரம் மாதிரி.”

“அதைவிட.”

அவள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் தாழ்வாரம் கடந்து படியில் நிமாயிடம் கொடுத்தார். நிமாய் மாடிக்கு ஏறினான். தண்ணீரைக் காலால் கலக்காமல் நடக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை குனிந்தபோதும் நீர் சற்று மேலே வந்திருந்தது. அவள் விரல்களுக்கு அது தெரிந்தது. முதலில் பெட்டியின் அடி காய்ந்திருந்தது, பிறகு குளிர்ந்தது, பிறகு விரல் நனைந்தது.

“அந்தக் கோடியில இருக்கறது தண்ணில நிக்கறதே,” என்றார். “அதை எடேன் மொதல்ல.”

“கடைசில.”

“ஏன்?”

“அது நனைஞ்சாச்சு. இது இன்னும் நனையல.”

“அது எது?”

“படகுக்காரா.” அவள் அடுத்த பெட்டியை நீட்டினாள். “பிடிங்கோ.”

அவர் பிடித்தார். போகாமல் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு போனார்.

நடு வரிசை முடியும்போது அவள் கை அந்த மூன்று பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு சீட்டு அவிழ்ந்து மிதந்தது. அவள் எழுத்து. எட்டினால் எடுத்துவிடலாம். இந்தப் பக்கம் இன்னும் நான்கு காய்ந்த பெட்டிகள் இருந்தன. அவள் திரும்பி அவற்றை எடுத்தாள். ஒன்று. அவர் போய் வந்தார். இன்னொன்று. நிமாய் படியில் வழுக்கி, பெட்டியை விடாமல் முழங்காலில் விழுந்தான். “கண்ணாடி நல்லா இருக்கு,” என்று கத்தினான். “நான்தான் உடைஞ்சேன்.” மூன்றாவது. நான்காவது.

பிறகு அந்த மூன்றையும் அவளே தூக்கினாள். ஒவ்வொன்றாக. அடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. யாரிடமும் கொடுக்கவில்லை.

மாடியில் நீளமேசை. மின்சாரம் இல்லை. ஜன்னலில் கொஞ்சம் பகல் மிச்சம் இருந்தது. அவள் மூன்று வெள்ளைத் தட்டுகளில் சுத்தமான நீர் ஊற்றினாள். ஸ்மிதா ஃபோனில் ஒவ்வொரு படியாகச் சொன்னாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. உறையைக் கிழிக்கக் கூடாது. நீருக்குள் மிதக்கவிட்டு, தானாக விலகும்வரை காத்திருக்க வேண்டும். படலத்தைத் தொடக் கூடாது. பிறகு ஓரத்தைப் பிடித்து எடுத்து, சுவரில் சாய்த்து, மேலும் கீழும் உறிஞ்சுதாள் வைத்து நிறுத்த வேண்டும்.

“நான் என்ன பண்ணட்டும்?” என்றார் லக்ஷ்மிநாராயணன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

“ஓரத்தைப் பிடிக்கத் தெரியுமா?”

“காமி.”

காட்டினாள். பிடித்தார்.

முதல் தகடு தப்பியிருந்தது. இரண்டாவது ஓரத்தில் மட்டும் சுருங்கியிருந்தது. மூன்றாவதும் பரவாயில்லை. அடுத்ததன் உறை விலகியபோது அதிலிருந்து ஏதோ கூடவே வந்தது. பாலாடை போல. சாம்பல் நிறம். நீரில் ஒரு தடவை மடிந்தது, விரிந்தது, துண்டு துண்டானது.

ஷியாமளா கையை எடுத்துக்கொண்டாள்.

“என்ன ஆச்சு?”

அவள் தட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. மழை தெரிந்தது.

“ஒண்ணுமே இல்லையே.”

“இருந்தது.”

ஃபோனில் ஸ்மிதா, “எத்தனாவது?” என்றாள். ஷியாமளா எண்ணைச் சொன்னாள். “மத்ததைப் பாருங்க ஷியாமளாதி,” என்றாள் ஸ்மிதா. “நான் காலைல முதல் ரயில்ல வரேன். சாவியை நீங்களே வச்சுக்கோங்க.”

நிமாய் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பந்தலில் மாலை ஆரத்திக்கு டாக் தொடங்கியது. லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. ஓரத்தைப் பிடித்து, தூக்கியபடியே இருந்தார்.

“இதுல என்ன இருந்தது?”

இரண்டு வருடம் செவ்வாயும் வெள்ளியும் அவள் வீடு திரும்பியபோது அவர் கேட்காத கேள்வி.

“கால்வாய். இதே கால்வாய்தான். ஒரு வைக்கோல் படகு. அதுமேல அஞ்சு பேர் வெறச்சு நிக்கறா. ஓரமா ஒருத்தன் மட்டும் சிரிக்கறான்.”

“எதுக்கு?”

“தெரியல.”

“யாரு அவன்?”

“அதுவும் தெரியாது. பேர் தெரியாதவன்னு எழுதியிருக்கேன்.”

“கையில ஏதாவது வச்சிண்டிருந்தானா?”

“குடை. விரிச்ச குடை.”

“மழையா?”

“இல்ல. நல்ல வெயில். நிழல் தண்ணில விழுந்திருந்தது.”

அவர் யோசித்தார். “எந்தப் பக்கம் நின்னான்?”

அவள் விரலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தொடவில்லை. “இங்க.”

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். அதில் மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, மற்றவற்றின் பக்கத்தில், உறிஞ்சுதாள் வைத்து நிறுத்தினார்.

“அடுத்ததைக் குடு,” என்றார்.